சால் விலகிய ஏர்: பைத்தியத்தைக் குறிக்கும் லத்தீன், கிரேக்கச் சொற்கள்

மேட்டுக்காடு (இழையைத் தொடங்கியவர்)

போன மாதம் அம்மாவுக்கு இடுப்பு எலும்பில் அறுவை சிகிச்சை. வயது 74. அறுவை நல்லபடியாகத்தான் முடிந்தது. மூன்றாம் நாள் ராத்திரி இரண்டு மணிக்கு என்னை எழுப்பி, "மாடு கயித்த அறுத்துக்கிட்டுப் போவுது, புடிடா" என்றார். அப்புறம் போர்வையில் எதையோ பொறுக்க ஆரம்பித்தார். இரண்டு விரலால் நூலைக் கிள்ளி எடுப்பது, கட்டிலுக்கு வெளியே போடுவது, மறுபடி கிள்ளுவது. விடியும்வரை அதே வேலை. என்னை மாமா பெயர் சொல்லிக் கூப்பிட்டார். மாமா போய்ச் சேர்ந்து இருபது வருஷம் ஆகிறது.

காலையில் பார்க்க வந்த சொந்தக்காரர்கள் கதவோரம் நின்றபடி "பைத்தியம் புடிச்சிருச்சு போல" என்று பேசிக்கொண்டார்கள். அம்மாவுக்குக் காது நன்றாகக் கேட்கும். மருத்துவர் கேஸ் ஷீட்டில் எழுதியிருந்தது வேறு சொல்: டெலிரியம், உடம்புக் கோளாறால் திடீரென வரும் மனக்குழப்பம். எட்டாம் நாள் அம்மா முழுசாகத் தெளிந்துவிட்டார்.

அந்த ஒரு சொல்லைத் தேடிப் போனவன்தான், இன்னும் வெளியே வரவில்லை. லத்தீனில் 'லீரா' என்றால் உழவுச் சால். 'டே' என்றால் விட்டு விலகி. சாலை விட்டு விலகுவது 'டெலிராரே'. அதிலிருந்து பிறந்ததுதான் டெலிரியம். எங்கள் வீட்டில் 1990கள் வரை ஏர் இருந்தது. மாடு மிரண்டு சால் விலகினால் அப்பா மாட்டை நிறுத்தி, தட்டிக் கொடுத்து, திருப்பிக் கொண்டுவந்து சாலில் விடுவார். மாட்டை யாரும் கெட்ட மாடு என்று சொன்னதில்லை.

இது மாதிரி மற்றச் சொற்களுக்குள் என்ன இருக்கிறது? லத்தீன், கிரேக்கம் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள்.

இரவுப்பணி

அம்மா தெளிந்தது கேட்டு நிம்மதி. நான் தீவிர சிகிச்சைப் பிரிவில் 11 வருஷமாகச் செவிலியர். நீங்கள் எழுதிய அந்தப் 'போர்வையில் பொறுக்குவது' எங்களுக்கு மிகவும் பழக்கமான அறிகுறி. அதற்கும் கிரேக்கப் பெயர் இருக்கிறது, கார்ஃபாலஜி. 'கார்ஃபோஸ்' என்றால் துரும்பு, வைக்கோல் துண்டு. துரும்பு பொறுக்குதல் என்றே மொழிபெயர்க்கலாம். ஹிப்பாக்ரட்டீஸ் பெயரில் இருக்கும் 'முன்கணிப்பு' என்ற நூலில் இது அப்படியே எழுதப்பட்டிருக்கிறது. காய்ச்சலில் இருப்பவர் கையைக் காற்றில் ஆட்டி எதையோ வேட்டையாடுவார், போர்வையின் நூலைப் பிடுங்குவார், சுவரிலிருந்து துரும்பை எடுப்பார் என்று. கிட்டத்தட்ட 2400 வருஷத்துக்கு முன்னால், நம்மைப் போலவே யாரோ ஒருவர் ராத்திரி முழுக்கக் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து அந்த விரல்களைப் பார்த்திருக்கிறார்.

படிக்கிற எல்லாருக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். வயதானவர்களுக்கு அறுவைக்குப் பிறகு இப்படி வருவது சகஜம். சிறுநீர்த் தொற்று, உப்புச்சத்து குறைவது, மலச்சிக்கல், சில மாத்திரைகள் என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம், அதைக் கண்டுபிடித்துச் சரி செய்ய வேண்டும். அவர்களுடைய மூக்குக் கண்ணாடியைப் போட்டு விடுங்கள். காது மெஷின் இருந்தால் மாட்டி விடுங்கள். பகலில் ஜன்னல் திரையைத் திறந்து வையுங்கள். பழகிய முகம் ஒன்று பக்கத்தில் இருக்கட்டும். "என்னம்மா உளர்ற" என்று மட்டும் சொல்லாதீர்கள். தெளிந்த பிறகும் அந்தப் பேச்சு பலருக்கு நினைவில் இருக்கிறது, என்னிடமே சொல்லி அழுதிருக்கிறார்கள்.

பழைய குருமாணவன்

குருமடத்தில் நான்கு வருஷம் லத்தீன் படித்தேன். குருவாகவில்லை, லத்தீன் மட்டும் ஒட்டிக்கொண்டது. முடிந்தவரை எழுதுகிறேன்.

லத்தீனில் பைத்தியத்துக்கான சொற்களில் பெரும்பாலானவை 'இல்லை' என்று சொல்லும் சொற்கள். 'சானுஸ்' என்றால் நலமாக இருப்பவன், 'இன்சானுஸ்' நலமில்லாதவன். ஆங்கிலத்தின் இன்சேன் இதுதான். 'மென்ஸ்' என்றால் மனம்; 'ஆமென்ஸ்', 'டேமென்ஸ்' இரண்டும் மனம் அகன்றவன். டிமென்ஷியா இங்கிருந்து வருகிறது. 'கோர்' என்றால் இதயம். 'வேகோர்ஸ்' இதயம் கோணியவன். 'சாபெரே' என்றால் ருசி அறிவது, அதிலிருந்து அறிவோடு இருப்பது. அது போனால் 'டேசிபெரே'. ருசி அறிவதையும் புத்தியோடு இருப்பதையும் ஒரே சொல்லில் வைத்திருந்தார்கள்.

இவற்றிலிருந்து தனியாக நிற்பது 'ஃபூரோர்'. கொந்தளிப்பு, மூர்க்கம். கி.மு. 450 வாக்கில் எழுதப்பட்ட ரோமின் பன்னிரண்டு பலகைச் சட்டத்தில் இந்தச் சொல்தான் வருகிறது. ஒருவன் 'ஃபூரியோசுஸ்' ஆகிவிட்டால் அவன் மீதும் அவன் சொத்து மீதும் அதிகாரம் தந்தைவழி உறவினருக்குப் போகும். ரோமானியச் சொற்பொழிவாளர் சிசெரோ 'துஸ்குலத்து உரையாடல்கள்' நூலில் இதைக் கவனமாகப் பிடிக்கிறார்: சட்டத்தில் 'இன்சானுஸ்' என்று எழுதவில்லை, 'ஃபூரியோசுஸ்' என்றுதான் எழுதியிருக்கிறது. மனநலம் குன்றியவன்கூடத் தன் அன்றாடக் காரியத்தைப் பார்த்துக்கொள்ள முடியும், முழுக்க மனக்கண் மறைந்தவனுக்குத்தான் அது முடியாது என்பது அவர் வாதம். அதே இடத்தில் கிரேக்கர்களோடு சண்டையும் பிடிக்கிறார். நாங்கள் ஃபூரோர் என்பதை அவர்கள் மெலன்கோலியா, அதாவது கரும்பித்தம் என்கிறார்கள். மனத்தைக் கலக்குவது கரும்பித்தம் மட்டும்தானா, கடுங்கோபமும் பயமும் துக்கமும் கலக்குவதில்லையா என்று கேட்கிறார். கி.மு. 45இல் எழுதியது. அந்த வருஷம்தான் அவருடைய மகள் துல்லியா இறந்துபோனாள். துக்கம் என்ற சொல்லை அவர் சும்மா போடவில்லை என்று நான் நம்புகிறேன்.

மேட்டுக்காடு, உங்கள் லீராவுக்கு வருகிறேன். மூத்த பிளினி தன் 'இயற்கை வரலாறு' 18ஆம் புத்தகத்தில் வேறு மாதிரி சொல்கிறார். விதைத்த பிறகு ஏரோடு பலகையைக் கட்டி ஓட்டி விதையை மண்ணால் மூடுவதற்கு 'லிராரே' என்று பெயராம். விதையை மூடாமல் விடுவதைத்தான் முதலில் 'டெலிராட்டியோ' என்றார்களாம். சால் விலகுவது ஒன்று, விதை மூடாமல் கிடப்பது வேறொன்று. அகராதிகள் முதலாவதைச் சொல்கின்றன. பிளினியின் விளக்கம் எனக்கு என்றைக்கும் ஒட்டவில்லை. மூடாத விதைக்கும் புத்தி தடுமாறுவதற்கும் என்ன தொடர்பு?

மேட்டுக்காடு

ஐயா, சொத்து விஷயத்தைப் படித்ததும் வயிறு கலங்கிவிட்டது. அந்த எட்டு நாளில் ஒரு உறவினர் என்னிடம் "தெளிவா இருக்கும்போதே கைநாட்டு வாங்கி வெச்சிருக்கணும்" என்றார். 2450 வருஷமாக அதே பேச்சு.

சொல்வேர்

குருமாணவன் ஐயா சொன்ன 'டேமென்ஸ்' பற்றி ஒன்று சேர்க்கிறேன். லத்தீன் 'மென்ஸ்' என்ற சொல்லின் அடிச்சொல் 'மெந்தி'. வடமொழி 'மதி' அதே சொல்தான், அதே வேர், அதே விகுதி. அந்த 'மதி'தான் நம் பேச்சில் 'மதி கெட்டவன்' என்பதில் இருக்கிறது. டேமென்ஸும் மதிகெட்டவனும் தனித்தனியாக உருவானவை, ஆனால் உள்ளே இருக்கும் செங்கல் ஒன்று. (மனம் தமிழா வடமொழியா என்ற சண்டைக்குத் தனி இழை இருக்கிறது, அங்கே போய்விடுங்கள்.)

கிரேக்க 'மானியா'வும் இதே வேர்க் குடும்பம் என்றே மொழியியலாளர்கள் சொல்கிறார்கள். நினைப்பு, மன எழுச்சி என்ற பொருள் கொண்ட வேர். மனத்துக்கும் மனம் கலங்குவதற்கும் ஒரே வேர். குறி சொல்பவருக்குக் கிரேக்கத்தில் 'மாந்திஸ்'. பிளேட்டோவின் 'ஃபைட்ரஸ்' உரையாடலில் சாக்ரட்டீஸ் சொல்கிறார்: குறி சொல்லும் கலையை முன்னோர் 'மானிக்கே', அதாவது பித்துக்கலை, என்றுதான் சொன்னார்கள், இந்தக் காலத்தவர் ரசனை இல்லாமல் நடுவில் ஒரு 'த'வைச் செருகி 'மாந்திக்கே' ஆக்கிவிட்டார்கள் என்று. சொல்லிலக்கணமாக அது தவறு. ஆனால் அவர் சொல்ல வந்தது வேறு. தெய்வம் தரும் பித்து நான்கு வகை: அப்போலோ தரும் குறி, தியோனிசஸ் தரும் சடங்கு ஆவேசம், கலைத்தெய்வங்கள் தரும் கவிதை, அஃப்ரோதிதேயும் ஈரோஸும் தரும் காதல். இந்தப் பித்து வராமல் கைத்திறமையை மட்டும் நம்பிக் கவிதையின் வாசலுக்கு வருபவன் உள்ளே போக முடியாது என்கிறார். "பித்தா பிறைசூடி" என்று சுந்தரர் தொடங்கியதைச் சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது புரியாமல் போகாது.

பனைநிழல்

வணக்கம், யாழ்ப்பாணத்திலிருந்து. மெலன்கோலியாவைப் பற்றி ஒருத்தரும் விரிச்சு எழுதேல்லை, அதால நான் எழுதுகிறேன்.

'மெலாஸ்' கறுப்பு, 'கோலே' பித்தம். இரத்தம், சளி, மஞ்சள் பித்தம், கரும்பித்தம் என்று நாலு நீர் உடம்பில் இருக்கு, அதில் கரும்பித்தம் மிஞ்சினால் சோகம் என்பது அவர்களின் கணக்கு. ஹிப்பாக்ரட்டீஸ் மரபின் மருத்துவ மொழிகளில் ஒன்று: அச்சமும் மனச்சோர்வும் நெடுநாள் நீடித்தால் அது மெலன்கோலியா. இன்றைக்கு மனச்சோர்வு நோயைக் கண்டுபிடிக்கிற மருத்துவரும் முதலில் 'எவ்வளவு நாளா' என்றுதான் கேட்கிறார்.

நாங்கள் சொல்கிற பித்து, பித்தன், பைத்தியம் எல்லாம் பித்தத்தில் இருந்து வந்தவை. ஆக ஏதென்ஸிலும் எங்கட ஊரிலும் பழியை ஈரலுக்குப் பக்கத்தில் இருக்கிற பையின் மேல்தான் போட்டிருக்கினம்.

நிலாமுற்றம்

அப்படியென்றால் கிரேக்கர்களிடமிருந்து நம்மவர்கள் எடுத்தார்களா, இல்லை இங்கிருந்து அங்கே போனதா?

சொல்வேர்

அப்படித் தாவ வேண்டாம். நம் மருத்துவத்தில் வாதம், பித்தம், கபம் என்று மூன்று. அவர்களுக்கு நான்கு, அதில் வாயு இல்லை. நம்மிடம் கரும்பித்தம் என்று தனியாக ஒன்று இல்லை. வாந்தியில் மஞ்சளாகக் கசப்பாக வருவதை எந்த ஊர்க்காரரும் பார்த்திருப்பார். தலை சுற்றுவதும் அதோடு வரும். இரண்டு பேர் தனித்தனியாக ஒரே இடத்துக்கு வந்து சேர இதுவே போதும்.

நிலாமுற்றம்

சரி, ஒத்துக்கொள்கிறேன். என் பங்குக்கு ஒன்று. 'லூனா' என்றால் நிலா, 'லூனாட்டிகுஸ்' நிலா பிடித்தவன். லத்தீன் விவிலியத்தில் மத்தேயு 4:24இல் இந்தச் சொல் வருகிறது. கிரேக்க மூலத்தில் 'செலீனே' என்ற நிலாவிலிருந்து வந்த சொல். நம் பழைய தமிழ் வேதாகமத்தில் அதே இடத்தில் 'சந்திரரோகிகள்' என்று இருக்கிறது! ஞாயிறு பள்ளியில் இதை வாசித்தபோது நிலா வெளிச்சத்தில் நடந்தால் வரும் நோய் என்று நினைத்துப் பயந்திருக்கிறேன். 17ஆம் அதிகாரத்தில் ஒரு தகப்பன் தன் மகன் சந்திரரோகத்தால் அடிக்கடி தீயிலும் தண்ணீரிலும் விழுகிறான் என்று சொல்வதைப் படித்தால் அது வலிப்பு நோய் என்று இப்போது தெரிகிறது. எங்கள் தெருவில் வலிப்பு வரும் பையன் ஒருவனை அமாவாசைக்கு வெளியே விட மாட்டார்கள்.

பழைய குருமாணவன்

ரோமானியர் நிலாவை மட்டும் விடவில்லை, கண்ணில் பட்ட எல்லாவற்றின் மீதும் சந்தேகப்பட்டார்கள். பிளாவுத்துஸின் 'மெனைக்மி' நாடகத்தில் ஒருவனைப் பைத்தியம் என்று நினைத்து மருத்துவரைக் கூட்டி வருகிறார்கள். மருத்துவர் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று: அவன் 'லார்வாத்துஸா', 'கெர்ரீத்துஸா'? லார்வா என்றால் ஆவி, பேய். கெர்ரீத்துஸ் என்றால் தானியத் தெய்வம் கேரெஸ் அடித்தவன். தண்ணீர் தேவதையைக் கண்டு கலங்கியவன் 'லிம்ஃபாத்துஸ்'. லார்வா என்ற சொல் முகமூடியையும் குறித்தது. பூச்சியின் உண்மை உருவத்தை மறைத்து வைத்திருக்கும் பருவம் என்பதால் லின்னேயஸ் அதைப் புழுப் பருவத்துக்கு வைத்தார். லிம்ஃப் நம் பாடநூலில் நிணநீர் ஆகிவிட்டது. அந்த நாடகத்தில் மருத்துவர் இருபது நாள் ஹெல்லெபோர் மருந்து குடிக்க வேண்டும் என்று சொல்லிவிடுகிறார். நோயாளி என்று பிடிக்கப்பட்டவனோ நல்ல தெளிவோடு இருப்பவன், இரட்டையரில் ஒருவன், ஆள் மாறாட்டத்தில் மாட்டிக்கொண்டவன்.

ஹெல்லெபோர் செடிக்குப் பேர்போன ஊர் கிரேக்கத்தின் அந்திக்கீரா. 'அந்திக்கீராவுக்குக் கப்பல் ஏறட்டும்' என்று ஹோரஸ் எழுதினால் ரோமில் எல்லோருக்கும் பொருள் புரிந்தது.

பனைநிழல்

இங்கே 'அங்கொடை', மனநல ஆஸ்பத்திரி இருக்கிற ஊர். நான் சின்னனாக இருக்கேக்கை கொழும்புக்குக் கிட்ட அப்படி ஒரு ஊர் இருக்கு என்றே தெரியாது, அது ஒரு ஏச்சு என்றுதான் நினைச்சிருந்தேன்.

இரவுப்பணி

சென்னையில் 'கீழ்ப்பாக்கம்'. என் தோழி வீடு அங்கேதான். ஊர் பெயர் சொன்னால் மாப்பிள்ளை வீட்டார் சிரிக்கிறார்கள் என்று வருத்தப்படுவாள்.

சுருதிப்பெட்டி

இரண்டு நாளாகப் படித்துக்கொண்டே இருந்தேன், எழுதலாமா என்று யோசித்து இப்போது எழுதுகிறேன். என் தம்பிக்கு 15 வருஷமாக ஸ்கிசோஃப்ரீனியா. அந்தச் சொல்லைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும், தெரிந்துகொள்ள வேண்டியதாகிவிட்டது.

1908இல் சுவிட்சர்லாந்து மருத்துவர் ஆய்கென் ப்ளாய்லர் வைத்த பெயர். 'ஸ்கிசெய்ன்' பிளப்பது, 'ஃப்ரேன்' மனம். அதற்கு முன்னால் 'டிமென்ஷியா ப்ரீகாக்ஸ்' என்றார்கள், இளமையிலேயே மதி அகல்வது. எல்லோரும் அப்படி முற்றாகச் சிதைந்துபோவதில்லை, எல்லோருக்கும் இளமையில் வருவதுமில்லை என்று பார்த்துத்தான் ப்ளாய்லர் பெயரை மாற்றினார். நினைப்பு ஒரு பக்கம், உணர்ச்சி ஒரு பக்கம் என்று மனத்தின் வேலைகள் ஒன்றோடொன்று சேராமல் போவதைத்தான் பிளவு என்றார். அதைச் சினிமாக்காரர்கள் 'ஒரே ஆளுக்குள் இரண்டு ஆள்' என்று ஆக்கிவிட்டார்கள். தம்பிக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில், "ராத்திரியில வேற ஆளா மாறிடுவாரா" என்று கேட்டார்கள். அவன் வாசலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான்.

'ஃப்ரேன்' என்ற சொல்லே முதலில் உடம்புதான். ஹோமரில் மார்புக்குள், நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே இருந்துகொண்டு நினைப்பது அது. இன்றும் உதரவிதானத்துக்குப் போகும் நரம்புக்கு மருத்துவத்தில் ஃப்ரெனிக் நரம்பு என்று பெயர். தம்பிக்கு நோய் முற்றும்போது முதலில் மாறுவது மூச்சு. நாங்கள் வீட்டில் அதைப் பார்த்துத்தான் மருத்துவரிடம் போவோம்.

ஜப்பானில் 'மனம் பிளந்த நோய்' என்றே சொல்லி வந்தார்கள். நோயாளிகளின் குடும்பங்கள் கேட்டுக்கொண்டதால் 2002இல் 'ஒருங்கிணைவு குலைந்த நிலை' என்ற பொருளில் பெயரை மாற்றினார்கள். தென்கொரியாவில் 2011இல் வைத்த புதுப் பெயருக்குள் இருப்பது தந்தி வாத்தியத்துக்குச் சுருதி சேர்ப்பது. தம்பி வீணை வாசிப்பான். அவனிடம் இதைச் சொன்னபோது, "சுருதி இறங்கறது வீணையோட தப்பு இல்லையே" என்றான். தமிழில் மனச்சிதைவு என்று எழுதுகிறோம். சிதைவு என்பது எனக்குப் பிடிக்கவே இல்லை. சிதைந்தது திரும்பாது.

இரவுப்பணி

தம்பிக்கு என் அன்பைச் சொல்லுங்கள் அக்கா.

ஹிஸ்டீரியாவையும் இதோடு சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், அதிகம் எழுத மனம் வரவில்லை. 'ஹிஸ்தேரா' என்றால் கருப்பை. பிளேட்டோவின் 'திமையோஸ்' நூலில் கருப்பை பிள்ளைக்கு ஏங்கி உடம்புக்குள் அலையும் பிராணி போல வருகிறது. எபேசு நகர மருத்துவர் சொரானுஸ் கி.பி. இரண்டாம் நூற்றாண்டிலேயே, அது பிராணி இல்லை, அலைவதும் இல்லை என்று எழுதிவிட்டார். ஆனாலும் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டிலிருந்து அந்த நோய்ப் பெயர் போக 1980 ஆயிற்று. வார்டில் அழுகிற பெண்ணை இன்றைக்கும் அந்தச் சொல்லால் குறிப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

சொல்வேர்

சுருதிப்பெட்டி, 'சுருதி' என்ற அந்தப் பதிலை நான் எழுதி வைத்துக்கொண்டேன்.

'லிஸ்ஸா' ஒன்று விட்டுப்போனது. கிரேக்கத்தில் போர்வெறிக்கும் நாய்வெறிக்கும் ஒரே சொல். ஹோமரின் இலியட்டில் ட்ராய் வீரன் ஹெக்டருக்கு வருவது லிஸ்ஸா. யூரிப்பிடீஸின் 'ஹெராக்ளீஸ்' நாடகத்தில் லிஸ்ஸா ஒரு பாத்திரமாகவே மேடைக்கு வருகிறாள். ஹெராக்ளீஸைப் பித்தாக்க அனுப்பப்பட்டவள், அந்த மனிதன் இதற்குத் தகுதியானவன் இல்லை, வேண்டாம் என்று முதலில் தயங்குகிறாள், பிறகு ஏவலுக்குக் கட்டுப்படுகிறாள். ரேபிஸ் கிருமியின் பேரினத்துக்கு லிஸ்ஸாவைரஸ் என்று பெயர். நம் 'வெறி'யும் இப்படித்தான். வெறிநாய், குடிவெறி, சங்க காலத்து வேலனின் வெறியாட்டு எல்லாம் ஒரே சொல்.

பழைய குருமாணவன்

கடைசியாக 'பரனோயா', மேட்டுக்காட்டின் கைநாட்டு விஷயத்துக்காக. 'பரா' பக்கவாட்டில், 'நூஸ்' அறிவு. இன்றைய சந்தேக நோய் என்ற பொருள் பிற்காலத்தது. ஏதென்ஸில் சொத்தை நிர்வகிக்கும் தெளிவு தகப்பனுக்குப் போய்விட்டது என்று மகன்கள் வழக்குப் போட முடியும், அந்த வழக்கின் பெயர் பரனோயா. முதிய வயதில் நாடக ஆசிரியர் சோபோக்ளீஸ் மீது மகன்கள் அப்படித் தொடர்ந்தார்கள் என்று சிசெரோ முதுமையைப் பற்றிய நூலில் சொல்கிறார். கிழவர், அப்போது கையில் இருந்த 'கொலோனஸில் ஈடிபஸ்' நாடகத்தை நீதிபதிகள் முன் வாசித்துவிட்டு, இது புத்தி தடுமாறியவன் எழுதியது போல் இருக்கிறதா என்று கேட்டாராம். விட்டுவிட்டார்கள்.

மேட்டுக்காடு

அம்மா வாக்கர் பிடித்து நடக்கிறார். நேற்று சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது இந்த இழையை வாசித்துக் காட்டினேன். சோபோக்ளீஸ் கதையை இரண்டு தரம் சொல்லச் சொன்னார். பிளினி சொன்னதையும் கேட்டேன். சால் விலகுவது என்று ஒருத்தர் சொல்கிறார், விதை மூடாமல் கிடப்பது என்று இன்னொருத்தர் சொல்கிறார், இரண்டுக்கும் என்னம்மா சம்பந்தம் என்று.

"ரெண்டும் ஒண்ணுதானடா" என்றார். "ஏரு பின்னாடியே கல்லக்கா போட்டுக்கிட்டுப் போவோம். இந்தச் சாலுல போட்டத அடுத்த சாலு மண்ணு வந்து மூடும். மாடு ஒட்டிப் போவாம வெலகிருச்சுன்னா மண்ணு எட்டாது. பருப்பு வெளியில கெடக்கும், காக்கா பொறுக்கிட்டுப் போயிரும்."

குருமாணவன் ஐயா, உங்கள் பிளினிக்கு இது போதுமா என்று பாருங்கள்.

"அப்ப என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டேன். அம்மா அறுவை செய்த காலை மெல்ல நீட்டி, பாதத்தைத் திண்ணையின் சிமெண்டுத் தரையில் பக்கவாட்டில் தள்ளிக் காட்டினார். "உங்கப்பா மாட்டத் திருப்பிக்கிட்டு வர்றதுக்குள்ள நான் இப்பிடிக் காலாலயே மண்ணத் தள்ளி மூடிக்கிட்டே போவேன்."